கலைஞர் வருகையும் நம் கடமையும்

ஆடித் தபசு நெருங்குங்கால் சங்கரன்கோயிலின் ரத வீதிகள் மக்கள் வெள்ளத்தால் நிறைந்துவிடுகின்றன. அரியும் அரனும் ஓருருவாய்க் கோமதியம்மைக்குக் காட்சியளித்த செய்தியைக் கொண்டாடும் அப்பெருவிழாவில் நாகசுரமும் தவிலும் முழங்குவதைக் கேளாதவர் அவ்வட்டாரத்தில் இலர். சுற்றூர்களிலோ கொடை விழாத்தோறும் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் கரகாட்டமும் விடியுமளவும் நடைபெறுகின்றன. இவற்றைக் காண்பதற்கு எவரும் சீட்டு வாங்குவதில்லை. ஊரார் வரி போட்டுச் செலவைத் தாங்குகின்றனர். வழிப்போக்கனும் ஓரத்தில் நின்று கண்டு களிக்கின்றான். ஆகவே, கலையை யாவர்க்கும் இலவசமாக வழங்கவேண்டும் என்னும் கொள்கையை நம்மவர்க்குப் பிறர் வந்து கற்பிக்கவேண்டுவதில்லை.

ஆயினும் இதில் ஒரு பெருங்குறை உண்டு. வெளியூரினின்று வந்த கலைஞர் இரவெல்லாம் பாடிவிட்டு, விடிந்ததும் தம் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு பேருந்து ஏறிவிடுகின்றார். அவர் பெயர் யாது, எவரிடம் பயின்றார், அக்கருவி எங்ஙனம் ஒலிக்கின்றது என்பவற்றை நம்முள் எவரும் வினவுவதில்லை. நாம் கண்டோம், கற்றோம் அல்லோம். நூறு கொடை கண்ட ஒருவனை, வில்லின் நாணைத் தட்டுங் கோலுக்குப் பெயர் என்ன என்று கேட்டால் விழிக்கின்றான். வீசுகோல் என்பது அதன் பெயர். வில்லில் கட்டிய மணிகளும், குடமும், உடுக்கையும், தாளமும், கட்டையும் ஒன்றோடொன்று இசைந்து கதையை நடத்திச்செல்லும் முறை ஒரு தனிக்கல்வி. கணியான் கூத்திலே அண்ணாவி பாட, மந்தம் உச்சம் என்னும் இரு மகுடங்களும் அவர்க்கு விடை கூறுவனபோல் முழங்குவதும் அத்தகையதே. தொலைவில் நின்று கேட்பவர்க்கு இரண்டும் வெறும் பறையொலி. அருகிருந்து ஒருவர் எடுத்துக்காட்டினால், ஒன்று தாழ்ந்தும் மற்றொன்று ஓங்கியும் ஒலிக்கும் நயம் செவிக்குப் புலனாகும்.

ஆதலின் நாம் வேண்டுவது யாதெனின், வருகை தரும் கலைஞரைக்கொண்டு பொதுமக்கட்கு இலவசமாக நடத்தப்பெறும் பயிற்சிப் பட்டறைகளும் உரையாடல்களும் சங்கரன்கோயிலில் ஒழுங்காக நிகழவேண்டும் என்பதே. பெருநகரங்கட்கு மட்டும் உரியதென்று எண்ணப்படும் இவ்வேற்பாடு இத்தகைய ஊருக்கே மிகவும் உரியது.

இது புதுமையன்று. இன்றைய தென்காசி மாவட்டத்தில் அடங்கிய சாம்பவர் வடகரையில் 1859-ஆம் ஆண்டிற் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் இதற்கு வழிகாட்டியுள்ளார். ஆசிரியராயிருந்து, பின்பு தஞ்சையில் சித்த மருத்துவத்தால் பொருளீட்டிய அவர், 1912-இல் சங்கீத வித்தியா மகாஜன சங்கம் என்னும் அவையை நிறுவி, வித்துவான்களையும் அறிஞர்களையும் தஞ்சைக்கு வரவழைத்து, சில ஆண்டுகளுள் ஏழு மகாநாடுகள் கூட்டினார். செலவைத் தாமே ஏற்றார். ஆங்கு வந்தவர்கள் பாடிவிட்டுப் போகவில்லை; சுருதிகள் எத்தனை, இராகம் அமையும் முறை யாது என்று வினவியும் மறுத்தும் ஆராய்ந்தனர். 1916-இல் பரோடாவிற் கூடிய அகில இந்திய இசை மகாநாட்டில், அவர் கொள்கையை அவர்தம் புதல்வியர் வீணையில் இசைத்துக்காட்டினர். இவ்வாராய்ச்சிகளின் பயனே 1917-இல் வெளிவந்த ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல். கலைஞரை வாசிக்கச் செய்வதோடு அமையாது பேசவும் செய்தால் எத்துணைப் பயன் விளையும் என்பதற்கு இதனினுஞ் சிறந்த சான்று வேண்டுமோ?

நிற்க. தற்காலத்திலும் இதனைச் செய்துகாட்டியவர் உளர். தில்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியராயிருந்த கிரண் சேத் என்பார் 1977-இல் தொடங்கிய ஸ்பிக் மெக்கே என்னும் இயக்கம், தேர்ந்த இசைவாணரையும் ஆடல் வல்லாரையும் பள்ளிகட்கும் கல்லூரிகட்கும் அழைத்துச்சென்று, மாணவரிடம் கட்டணம் பெறாது நிகழ்ச்சிகளும் விளக்கவுரைகளும் நடத்திவருகின்றது. அதனைத் தாங்கி நிற்பவர் பெரும்பாலும் தொண்டர்களே. எழுபது கடந்த அகவையில் அவர் 2022-ஆம் ஆண்டு காசுமீரத்தினின்று குமரி நோக்கி மிதிவண்டியிற் புறப்பட்டு, வழியெங்கும் இளைஞரைச் சந்தித்துச் சென்றார். பொருளினும் மனமே முதன்மை என்பது இதனாற் பெறப்படும்.

இனி, இதற்குக் கூறப்படும் தடைகளை ஆராய்வோம்.

இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதியார் என்பர் சிலர். கொடை விழாவில் பனியையும் பாராது விடியுமளவும் அமர்ந்திருக்கும் மக்களைக் கண்டோர் இங்ஙனங் கூறார். மதிப்பின்மை கட்டணமின்மையால் வருவதன்று, அறியாமையால் வருவது. அவ்வறியாமையைப் போக்கவே பட்டறை வேண்டும் என்கின்றோம்.

கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த நாம் கொடை விழாக் கலைகளிற் கைவைக்கலாமோ என்பர் வேறு சிலர். திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774-1864), குற்றாலத்தின் புகழ் பாடிய குறவஞ்சி என்னும் அதே வடிவத்தை எடுத்து ‘பெத்லகேம் குறவஞ்சி’ இயற்றினாரன்றோ? பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரி நாட்டார் வழக்காற்றியலுக்கெனத் தனித்துறை கண்டதன்றோ? ஒரு கலையை அறிந்துகொள்வதனால் நம் விசுவாசம் குறைவுபடாது. அயலானை அறியாதிருப்பதே குறைவு.

மூன்றாவது தடையே மெய்யான தடை. அது நம்மிடத்தேயுள்ளது. ‘இலவசம்’ என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன், கலைஞரும் இலவசமாக வரவேண்டும் என்று எண்ணிவிடுகின்றோம். சில ஆண்டுகட்கு முன் ஒரு விழாவிற்கு வில்லிசைக் குழுவொன்று வரவழைக்கப்பெற்றது. தலைவர் வரக் காலந் தாழ்த்தமையால், ஒரு மணி நேரம் பாட வந்தோரைப் பத்து நிமிடத்தில் முடிக்குமாறு கூறினர். கதை பாதியில் நின்றது. முடிவில் குழுத்தலைவர்க்கு ஒரு பொன்னாடை போர்த்தப்பட்டது. வழிச்செலவைப் பற்றி எவரும் வாய் திறந்திலர். அம்முதியவர் பொன்னாடையை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தம்முடன் வந்த நால்வரையும் நோக்கி நின்ற நிலை இன்றும் நம் கண்முன் உள்ளது. அவையில் நாமும் இருந்தோம், நாமும் வாளாவிருந்தோம். அன்றிரவு அவர்கள் ஊர் திரும்பப் பேருந்துக் கட்டணத்தை யார் கொடுத்தனரோ அறியோம்.

ஆதலின் இதனை உறுதியாகக் கூறுகின்றோம்: இலவசம் கேட்போர்க்கு மட்டுமே, கலைஞர்க்கு அன்று. உழைத்தவன் கூலியை நிறுத்திவைக்கலாகாது என்பது நம் வேதம் கற்பிப்பது. கொடைக்கு வருங்கால் அக்குழு பெறும் தொகை யாதோ அத்தொகையும், வழிச்செலவும், உணவும் முன்னரே ஒதுக்கப்படாத நாளில் எவரையும் அழைத்தலாகாது. பொருள் குறைந்தால் நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். ஊதியத்தைக் குறைத்தல் முறையன்று.

நடைமுறை பற்றிச் சில கூறுவோம். நம் கல்லூரியிற் பயிலுவோருள் சங்கரன்கோயில் வட்டாரத்தைச் சேர்ந்தோர் இதற்கு முன்னிற்றல் வேண்டும். ஆண்டிற்கு நான்கு கூட்டங்கள் போதும். ஊரில் விசைத்தறிகளில் உழைப்போர் பலராதலின், அவர்தம் ஓய்வு நாளையும் மாலைப்பொழுதையும் கேட்டறிந்தே நாள் குறிக்கவேண்டும். ஏனெனில், ஒரு நாட் கூலியை இழந்து வருபவனுக்கு அந்நிகழ்ச்சி இலவசமாகாது. பள்ளிக்கூடத்து மண்டபமொன்று போதிய இடமாகும். முதலில் அரைமணி நேரம் கலைஞர் நிகழ்த்திக்காட்டுக. பின்னர்த் தம் கலையைப் பற்றித் தம் சொந்தப் பேச்சிலேயே உரைக்குக. அதன்பின் சிறுவரும் மகளிரும் கருவியைக் கையிற் பற்றி ஒலித்துப்பார்க்குக. தலைவர் உரை, வரவேற்புரை, நன்றியுரை யாவும் சேர்ந்து ஐந்து நிமிடத்தைக் கடத்தலாகாது!

எவரை முதற்கண் அழைப்பது? தொலைவினின்று வருவோரே கலைஞர் என்னும் மயக்கம் நமக்கு வேண்டா. சங்கரன்கோயிலுக்கு அணித்தான சென்னிகுளத்திற் பிறந்த அண்ணாமலை ரெட்டியார், முப்பது அகவை நிரம்பாமுன்னரே மறைந்தாரெனினும், கழுகுமலை முருகனைப் பாடிய காவடிச்சிந்தால் தமிழுலகெங்கும் அறியப்பட்டார். காவடி சுமந்து நடப்போரின் அடிவைப்பிற்கும் அச்சிந்தின் தாளத்திற்கும் உள்ள உறவை, பாடவல்ல ஒருவர் நம் சிறுவரை நடக்கச்செய்தே விளக்கலாம். அதுவே முதற் கூட்டமாகுக. அடுத்துக் கணியான் கூத்து அண்ணாவி ஒருவரை அழைத்து, ஆசிரியர்க்குரிய நாற்காலியில் அமர்த்துக. பரம்பரையால் ஒரு குடியினர்க்கே உரியதாய், அதன் பொருட்டே அவர்கள் தாழ்வாக நோக்கப்படுதற்கும் ஏதுவாயிருந்த கலையை, ஊரார் அனைவரும் மாணவராய் எதிரே அமர்ந்து கேட்பார்களாயின், அவ்வொரு மாலை பல மேடைச் சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்யும். இவற்றின் பின்னர் வெளிநாட்டிலிருந்து ஒரு நாடகக் குழுவே வரினும் நன்றே. நம்மிடம் உள்ளதை அறிந்தவரே பிறர் கொணர்வதை நிறுத்துப் பார்க்கவல்லவர்.

இறுதியாக ஒன்று. ஒவ்வொரு கூட்டத்திலும் கலைஞர் கூறியதை மாணவரொருவர் எழுதி, அவர் இசைவோடு, அவர் பெயரை முதலில் இட்டு, இம்மலரில் வெளியிடுதல் வேண்டும். பல ஆண்டுகளாக அண்ணாவிமாரும் புலவர்களும் நம் ஊர்களில் இரவெல்லாம் பாடி விடியற்காலையிற் பெயரின்றி மறைந்துள்ளனர். அவர்களுள் எஞ்சியோரையேனும் நாம் பெயர் சொல்லி அழைத்து, உரிய ஊதியம் அளித்து, எதிரே அமர்ந்து கேட்போமாக. வரும் ஆடிக்குள் முதற் கூட்டம் நடைபெறுமாயின் இக்கட்டுரை பயன்பெற்றதாகும்.