அளக்கப்படாத வாக்குறுதி

சாகாமத்து வயல்களில் களையெடுப்போருக்கும் கல்முனைக் கரையில் வலையிழுப்போருக்கும் வெயில் புதியதல்ல. அவ்வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்களின் கொடுமையைத் தணித்து அனுப்புவது ஓசோன் படலமாகும். குளோரின், புரோமின் ஆகியவற்றைக் கொண்ட வாயுக்கள் அப்படலத்தை அரித்து வருவது அறியப்பட்டதனாலேயே, அவற்றைப் படிப்படியாகக் கைவிடுவதென 1987 ஆம் ஆண்டு மொன்றியலில் உலக நாடுகள் உடன்பாடு கண்டன. இலங்கையும் 1989 டிசம்பரில் அவ்வுடன்பாட்டில் இணைந்து கொண்டது.

எத்தனையோ சர்வதேச ஒப்பந்தங்கள் ஏட்டளவில் உறங்க, இது மட்டும் பலனளித்தமைக்குக் காரணம் என்ன? சொன்னதைச் செய்கின்றார்களா என்பதைக் காற்றையே அளந்து பார்க்க முடிந்தமை முக்கிய காரணம் என்பதே நமது கருத்தாகும்.

இந்த அளவீடு இலகுவானதல்ல. ஓர் இலட்சம் கோடி காற்று மூலக்கூறுகளில் இவ்வாயுக்கள் சில நூறு அல்லது அதற்கும் குறைவாகவே உள்ளன. 1980களின் நடுப்பகுதியில் இந்திய, ஜேர்மன் விஞ்ஞானிகள் ஹைதராபாத்திலிருந்து இராட்சத பலூன்களைப் பறக்கவிட்டனர். கடுங்குளிரூட்டப்பட்ட குடுவைகள் வெவ்வேறு உயரங்களில் திறந்து, காற்றை உறையவைத்துக் கொண்டுவந்தன. நமது பிரதேசத்தின் வானிலும் இவ்வாயுக்கள் பரவியிருப்பதை அந்த ஆய்வுகள் ஐயமின்றிக் காட்டின.

அளவீட்டின் வலிமையை அண்மைக்கால நிகழ்வொன்றும் உணர்த்தியது. 2010 ஆம் ஆண்டுடன் உற்பத்தி முற்றாக நின்றிருக்க வேண்டிய சிஎப்சி-11 என்னும் வாயு, எதிர்பார்த்த வேகத்தில் குறையவில்லை என அமெரிக்க விஞ்ஞானிகள் 2018 இல் அறிவித்தனர். கொரியாவினதும் ஜப்பானினதும் கண்காணிப்பு நிலையங்களின் தரவுகள், அதில் பெரும்பங்கு கிழக்குச் சீனாவிலிருந்து வருவதை 2019 இல் வெளிப்படுத்தின. அதன் பின்னர் கசிவு வெகுவாகக் குறைந்தது. அந்நிலையங்கள் இல்லாதிருந்தால், களவு இன்றும் தொடர்ந்திருக்கும். தராசில்லாத சந்தையில் நெல் விற்ற விவசாயியின் கதி உலகத்துக்கும் நேர்ந்திருக்கும்.

கவலைக்குரியது யாதெனில், தெற்காசியாவின் பெரும்பகுதி இத்தகைய தொடர் கண்காணிப்புக்கு வெளியிலேயே உள்ளது. வளர்முக நாடுகள் ஆர்-22 போன்ற குளிரூட்டும் வாயுக்களை 2030 அளவில் கைவிடவேண்டியுள்ள நிலையில், இக்குறை அலட்சியப்படுத்தக் கூடியதல்ல. வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து நேரே வந்து தொடுவது நமது கிழக்குக் கரையையே. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இருக்கின்றது. பிராந்திய நாடுகளின் ஒத்துழைப்புடன் இக்கரையில் ஓர் அளவீட்டு நிலையம் அமைவது பற்றி அரசாங்கம் ஆராய வேண்டும்.

அதுவரை நம் கைக்கெட்டிய கடமையும் ஒன்றுண்டு. வளிச்சீராக்கி திருத்துமிடங்களில் பழைய காஸைக் காற்றில் திறந்துவிடாது சிலிண்டரில் மீளச் சேகரிக்கும் வழக்கம் வேரூன்ற வேண்டும். அதற்கான கருவியையும் பயிற்சியையும் சிறு நகரங்களுக்கும் கொண்டு செல்வது அதிகாரிகளின் பொறுப்பாகும். தென்துருவ ஓசோன் 1980 ஆம் ஆண்டின் நிலைக்கு மீள 2066 வரை செல்லும் என்பது 2022 ஆம் ஆண்டின் சர்வதேச மதிப்பீடு. இன்று பிறக்கும் குழந்தை நடுவயதை எட்டும்போதுதான் அந்த நாள் வரும். அதனை மேலும் தள்ளிப்போட எவருக்கும் உரிமையில்லை.