சென்னை ரயில் போடிக்கு வந்தது, நாம் ஏறுகிறோமா?

2010 முடிவில் மதுரை–போடி மீட்டர்கேஜ் ரயிலை அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தியபோது, இரண்டு மூன்று வருடத்தில் திரும்ப வந்துவிடும் என்றுதான் வணிகர்கள் நாம் எல்லோரும் நம்பினோம். தேனி வரை வருவதற்கே 2022 மே ஆகிவிட்டது. போடிக்கு வந்தது 2023 ஜூன் 15-ல். சுமார் 90 கிலோமீட்டர் பாதைக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு மேல்! அதற்குள் நம் கால்கள் பஸ் ஸ்டாண்டுக்கே பழகிவிட்டன.

அன்றைய தினமே சென்னை சென்ட்ரல்–மதுரை எக்ஸ்பிரஸையும் போடி வரை நீட்டினார்கள். மதுரையோடு நின்ற வண்டிதான். புதிதாக ஒரு வண்டி வாங்கி விடவில்லை. வாரம் மூன்று நாள் என்று தொடங்கினார்கள். அந்த அட்டவணையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஞாயிறு, செவ்வாய், வியாழன் இரவு இங்கிருந்து கிளம்பும். மறுநாள் காலை சென்ட்ரலில் இறங்கினால் கோவிந்தப்ப நாயக்கன் தெரு கூப்பிடு தூரம். பகல் முழுக்கக் கொள்முதல். அன்றிரவே அதே வண்டி திரும்புகிறது. அடுத்த நாள் காலை வந்து கடை திறக்கலாம். லாட்ஜ் வாடகை கிடையாது. கடை மூடுவது ஒரே நாள், அதுவும் வீட்டில் ஆள் இல்லாதவர்களுக்கு மட்டும்தான்.

சில்லறைக் கடைக்காரர் சிலர், "ரயில் வந்தால் வாடிக்கையாளர் மதுரைக்கே போய்விடுவார்" என்கிறார்கள். இது வீண் பயமல்ல. துணிக்கடைக்காரர்களுக்கு உறுத்தல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அரை கிலோ துவரம்பருப்புக்கு யாரும் மதுரைக்கு ரயில் ஏறமாட்டார்கள். நம் ஊரோ நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின் ஏலம் நடக்கும் ஊர். வெளியூர் வியாபாரி வருவதற்கு வழி இருந்தால்தான் இங்கே நாலு காசு புழங்கும்.

இந்த வண்டி தினசரி ஓட வேண்டும், போடியில் பார்சல் ஏற்றி இறக்கப் போதிய நேரமும் இடமும் வேண்டும் என்பது நம் கோரிக்கை. கேட்கப் போனால் ரயில்வேக்காரர்கள் முதலில் எத்தனை டிக்கெட் போடியிலிருந்து விற்றது என்றுதான் பார்ப்பார்கள். நாமோ ஆம்னி பஸ்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறோம். எங்கள் கடையிலும் போன மாதம் வரை அதே கதைதான்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வருகிறவர்கள், தாங்கள் சென்னை போய்வந்த ரயில் டிக்கெட்டின் நகலைக் கையோடு கொண்டுவாருங்கள். மதுரைக் கோட்ட மேலாளருக்கு அனுப்பும் மனுவுடன் அவற்றையும் சேர்த்து இணைப்போம்.