ஓரிரு இடங்களில் மழை

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசியிலுள்ள ஒவ்வொரு குடும்பமும் ஒரு சின்ன வானிலை நிலையமாக மாறிவிடுகிறது. சென்னையிலிருந்து சம்பந்தி கேட்கிறார்: "சாரல் விழுகிறதா? அருவியில் தண்ணீர் இருக்கிறதா? வெள்ளிக்கிழமை ராத்திரி ரெயில் ஏறலாமா?" மதுரையிலிருந்து மைத்துனர் கேட்கிறார். பத்து வருஷமாக நம்மை மறந்திருந்த கோயம்புத்தூர் சிநேகிதருக்குக்கூட அந்த மாதத்தில் நம்முடைய ஞாபகம் வந்துவிடுகிறது. முன்காலத்தில் தபால் கார்டில் கேட்டார்கள். இப்போது கைத்தொலைபேசியில் கேட்கிறார்கள். கேள்வியும் மாறவில்லை, பதில் சொல்ல வேண்டியவருடைய தர்மசங்கடமும் மாறவில்லை. வெள்ளிக்கிழமை மாலையில் மலை முழுவதையும் கருமேகம் கவ்விக் கொண்டிருக்கும். "பேஷாக வாருங்கள்" என்று சொல்லிவிடுவோம். சனிக்கிழமை காலையில் சம்பந்தி குடும்பத்தார் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாகப் பொதிகை எக்ஸ்பிரஸிலிருந்து இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடிக்கும். பேரருவிப் பாறையில் தண்ணீர் நூல் பிடித்தாற்போல் இறங்கிக் கொண்டிருக்கும்.

சம்பந்தியைக் கோபித்துக்கொள்ள முடியுமா? அவரால்தான் நம்மைக் கோபித்துக்கொள்ள முடியுமா? ஆகையினால் இரு தரப்பாரும் சமாதானமாகி, ஒன்றுசேர்ந்து வானிலை நிலையத்தாரைக் கோபித்துக் கொள்கிறோம். "ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்" என்று ரேடியோவில் வரும் வாக்கியத்தைப்போல் பரிகாசத்துக்கு ஆளான வாக்கியம் தமிழ்நாட்டில் வேறொன்று இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. "பெய்தால் அந்த ஓரிரு இடத்தில் நம் ஊர் இருந்தது, பெய்யாவிட்டால் இல்லை. இதைச் சொல்ல ஓர் இலாகாவா?" என்று கேட்காத திண்ணை உண்டா? சென்னை வானிலை மையத்தில் இயக்குநராயிருந்து 2016-ல் ஓய்வுபெற்ற ஸ்ரீ ரமணனைத் தொலைக்காட்சியில் காணப் பள்ளிப் பிள்ளைகள் காத்திருந்தது போல் எந்தச் சினிமா நட்சத்திரத்துக்கும் காத்திருந்ததில்லை. அவர் வாயிலிருந்து "கனமழை" என்ற சொல் விழுந்தால் நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்பது அவர்களுடைய சித்தாந்தம். பள்ளிக்கூடத்தை மூடின அன்றைக்கென்று பல சமயம் பளீரென்று வெயில் அடிக்கும். உபாத்தியாயர்களாகிய நாங்கள் அதைப்பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லாமலிருப்பதே மரியாதை.

நிற்க. அந்த "ஓரிரு இடங்கள்" என்பது வாய்க்கு வந்தபடி சொல்லும் வார்த்தையல்ல என்பதை எத்தனை பேர் அறிவார்கள்? வானிலைத் துறையில் அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு பிரதேசத்தில் மழை அளக்கும் நிலையங்கள் நூறு இருப்பதாக வைத்துக் கொள்ளுங்கள். இருபத்தைந்து அல்லது அதற்குக் குறைவான நிலையங்களில் மழை பதிவாகும் என்று எதிர்பார்த்தால் "ஓரிரு இடங்களில்" என்பார்கள். ஐம்பது வரைக்கும் "ஒரு சில இடங்களில்". எழுபத்தைந்து வரைக்கும் "அநேக இடங்களில்". அதற்கு மேற்பட்டால் "பெரும்பாலான இடங்களில்". இப்படியே அளவுக்கும் சொற்கள் உண்டு. காலை 8.30 மணிமுதல் மறுநாள் காலை 8.30 மணிவரையில் சுமார் 6.5 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தால் கனமழை, 11.5-ஐத் தாண்டினால் மிகக் கனமழை, 20.4-ஐத் தாண்டினால் அதிகனமழை. ஆக, ரேடியோவில் வாசிக்கிறவர் நூற்றுக்கணக்கைத் தமிழில் சொல்லுகிறார். நாம் அதை ஜோசியமாகக் கேட்டுக்கொண்டு கோபப்படுகிறோம். கணக்கைச் சொல்லுகிறோம் என்று ஒரு தடவையாவது ஜனங்களுக்கு விளங்கும்படி சொல்லியிருக்கலாம் அல்லவா? அந்தக் குறை அவர்களுடையது.

எங்கள் வகுப்பில் சில பையன்கள் ஒரு வருஷம் தகரக் குவளையும் அடிக்கோலும் வைத்து மழை அளந்தார்கள். ஒருவன் இலஞ்சி, ஒருவன் மேலகரம், ஒருவன் ஆய்க்குடி, இன்னொருவன் பண்பொழி. எல்லாம் கூப்பிடு தூரத்து ஊர்கள் என்றே சொல்லலாம். அந்தப் பருவம் முழுவதும் நால்வருடைய கணக்கும் ஒரு நாளாவது ஒத்து வரவேண்டுமே! பண்பொழிக்காரன் சட்டை நனைந்து வந்து நிற்பான். ஆய்க்குடிக்காரன் புழுதிக் காலோடு வந்து நிற்பான். முதலில் ஒருவரையொருவர் பொய்யர் என்றார்கள். பிறகு அடங்கிவிட்டார்கள்.

இந்தப் பக்கத்து மழையின் குணமே அப்படி. மேற்கேயிருந்து வரும் காற்று மலையாளத்துச் சரிவில் ஏறி, குளிர்ந்து, தன் சரக்கில் பெரும்பங்கை அங்கேயே கொட்டிவிடுகிறது. தமிழ்நாட்டின் பல பாகங்களுக்கு மலைக்கு இப்பால் மிஞ்சுவது வறண்ட காற்று. தென்காசி பாக்கியசாலி. ஆரியங்காவுக் கணவாயாகிய வாசல் ஒன்று மலையில் திறந்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத் தப்பி வரும் ஈரக் காற்றும் தூறலுமே நம் சாரல். வாசலுக்கு நேராக நிற்கிறவன் நனைகிறான். பக்கத்துச் சுவருக்குப் பின்னால் நிற்கிறவன் நனைவதில்லை. காற்று சற்றே திசை திரும்பினால் வாசலில் வருவது நின்றுவிடுகிறது. 2019 நவம்பர் 22-ந் தேதி திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தென்காசியைத் தனி மாவட்டமாக்கினார்கள். அந்த ஒரே மாவட்டத்துக்குள் குற்றாலத்து மலையும் இருக்கிறது, சங்கரன்கோவில் கரிசல் காடும் இருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து வாசிக்கப்படும் ஒரு வரி அறிக்கையைக் கேட்டுவிட்டு, "ஐந்தருவியில் ஐந்து கிளையிலும் தண்ணீர் விழுமா?" என்று கேட்டால் அது எப்படிப் பதில் சொல்லும்?

யந்திரங்கள் வளராமல் இல்லை. புனாவிலுள்ள விஞ்ஞானிகள் ஆக்கிய புதிய கணக்கு முறை ஒன்று 2025 மே மாதத்தில் நடைமுறைக்கு வந்தது. பூமியை ஆறு கிலோமீட்டர்ச் சதுரங்களாகக் கட்டம் போட்டு ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்கிடுகிறது. அதற்கு முன் பன்னிரண்டு கிலோமீட்டர்க் கட்டம். மெச்சத்தக்க வேலைதான். ஆனாலும் பேரருவி, சிற்றருவி, செண்பகாதேவி, மேலேயுள்ள தேனருவி எல்லாம் ஓரிரு கட்டத்துக்குள்ளேயே முடிந்துவிடும். ராடார் கருவியின் கதிரோ நேர்கோட்டில் செல்வது. குறுக்கே மலை நின்றால் அதற்கு அப்பால் அதற்குப் பார்வை இல்லை.

சம்பந்தி குளிக்காமல் ஊர் திரும்பினால் நஷ்டம் ரெயில் கட்டணத்தோடு போயிற்று. 2024 மே 17-ந் தேதி நடந்தது அவ்வகை நஷ்டமல்ல. அது சீசன் அல்ல. தென்மேற்குப் பருவம் கேரளத்தில் இறங்கவே இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கோடைக்கு ஒரு முழுக்குப் போட வந்த கூட்டம் பழைய குற்றாலத்தில் நீராடிக் கொண்டிருந்தது. மலைமேல் பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்கிற்று. ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவனை வெள்ளம் கொண்டு போய்விட்டது. நான் தினந்தோறும் முன்னால் நின்று பாடம் சொல்லும் வயது அது. செய்தியைப் படித்த பிறகு "ஓரிரு இடங்களில் மழை" என்ற பரிகாசம் என் வாயில் முன்போல் வருவதில்லை. அன்றைக்குத் தேவைப்பட்ட அந்த ஓர் இடம், அருவிக்கு மேலே, கண்ணுக்கு மறைவாக, காட்டுக்குள் இருந்தது.

நாம் மட்டுந்தான் இப்படித் திண்டாடுகிறோம் என்று நினைக்க வேண்டாம். செல்வமும் யந்திரமும் கொழிக்கும் நியூயார்க் நகரத்தில் 2015 ஜனவரி மாதக் கடைசியில் என்ன நடந்தது தெரியுமா? சரித்திரம் காணாத பனி விழப்போகிறது, இரண்டு மூன்று அடி உயரம் என்று அறிவித்தார்கள். அந்நகரத்துச் சுரங்க ரெயிலைப் பனிக்காக நிறுத்தியது அதுவே முதல் தடவை. விடிந்து பார்த்தால் நகரத்தின் நடுப் பூங்காவில் கிடந்தது சுமார் பத்து அங்குலம். ஜனங்கள் சீறினார்கள்; அறிவித்த அதிகாரி ஒருவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். இத்தனைக்கும், புயல் பொய்யல்ல. கிழக்கே நீண்ட தீவின் மறுகோடியில் சொன்னபடி இரண்டடிப் பனி குவிந்தது. புயல் கொஞ்சம் ஒதுங்கிப் போயிற்று, அவ்வளவுதான். அங்கேயும் "ஓரிரு இடங்கள்" தான்!

பனிக்கும் நம் மழைக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. 1875-ல் இந்திய வானிலைத் துறை ஏற்பட்டபோது அதன் தலைவராக வந்தவர் பிளான்போர்டு என்ற ஆங்கிலேயர். தாது வருஷப் பஞ்சத்தின் பயங்கரத்தைக் கண்டபின் சர்க்கார் அவரைப் பார்த்து, "மழை வருமா, வராதா என்று முன்கூட்டிச் சொல்லும்" என்றது. ஹிமாலயத்தில் பனி அதிகமாகக் கிடந்தால் அவ்வருஷம் மழை குறையும் என்று அவர் ஊகித்தார். பனியைப் பார்த்து மழையைச் சொல்லும் வேலையைத் தொடங்கி, 1886-ல் முறையான முன்னறிக்கை வெளியிட்டார். அவருக்குப் பின் வந்த எலியட், 1899-ல் மழை நன்றாயிருக்கும் என்றார். அவ்வருஷம் கொடும் பஞ்சம் வந்தது. பத்திரிகைகள் அவரைக் கிழித்தெறிந்தன. சர்க்கார் கண்டுபிடித்த பரிகாரம் அபாரமானது: சில காலம் முன்னறிக்கையையே வெளியில் விடாமல் இரகசியமாக வைத்துக்கொண்டது! பரீட்சையில் தவறிய பையன் மதிப்பெண் புத்தகத்தை ஒளித்து வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஓர் ஏகாதிபத்தியம் அப்படிச் செய்தது என்பதில் எனக்கு ஒரு தனி ருசி.

1904-ல் வந்த கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணிதப் புலவர். இருபது வருஷம் உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தக் கணக்கைத் திரட்டி, பசிபிக் சமுத்திரத்துக்கும் இந்து சமுத்திரத்துக்கும் நடுவே காற்றழுத்தம் தராசுத் தட்டைப்போல் ஏறி இறங்குவதைக் கண்டுபிடித்தார். இன்று எல் நினோ என்று பத்திரிகைகளில் அடிபடும் விஷயத்தின் ஒரு வேர் அது. ஆனால் நம் மழையைத் தவறாமல் சொல்ல அவராலும் முடியவில்லை. 1913-ல் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தபோது, அங்கே ஒரு குமாஸ்தாவின் கணக்குக் குறிப்புகளைப் பார்த்துப் பிரமித்து, அவருக்கு உதவி செய்யும்படி சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினாரே, அந்த வாக்கர்தான் இவர். அந்தக் குமாஸ்தா இராமானுஜன். மழையை மறந்து நாம் அவருக்கு நன்றி செலுத்தலாம்.

சொன்னது போதாமலும் போகும் என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் சாட்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஒரு வருஷ மழையைவிட அதிகமாக ஒரு நாளில் கொட்டிற்று. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பிரயாணிகளோடு ஒரு ரெயில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. பின்னர் மாநில சர்க்கார், முன்னறிவிப்புச் சரியாக வரவில்லை என்றது. மத்திய சர்க்கார், 12-ந் தேதியே சொன்னோம் என்றது. இரண்டையும் படித்தபோது எனக்குத் தோன்றியது வேறு. அளவுச் சொற்களை மேலே சொன்னேன் அல்லவா? அவற்றில் கடைசிப்படி 20.4 சென்டிமீட்டர். அதற்கு மேல் 21 ஆனாலும் 95 ஆனாலும் ஒரே "அதிகனமழை", ஒரே சிவப்பு நிறம். 21 சென்டிமீட்டருக்கு மாடியில் ஏறினால் போதும்; 95-க்கு ஊரை விட்டே கிளம்ப வேண்டும். இரண்டுக்கும் ஒரே வார்த்தை என்றால் கலெக்டர் எதை வைத்து முடிவு செய்வார்?

எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுகிறது, ஈசல் பறக்கிறது, தும்பி தாழப் பறக்கிறது, ஆகையால் மழை என்று சொல்லும் பெரியவர்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எறும்பு ஏமாற்றிய நாட்களை யாரும் குறித்து வைப்பதில்லை. வானிலை நிலையத்தார் ஏமாற்றிய நாட்களை மட்டும் ஊரே குறித்து வைக்கிறது. பஞ்சாங்கமும் வருஷந்தோறும் இத்தனை மரக்கால் மழை என்று சொல்லத்தான் செய்கிறது. அந்த மரக்கால் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை. இருந்தாலும் பஞ்சாங்கக்காரர் ஒரு காரியம் செய்கிறார்: பெய்யும் மழையில் கடலுக்கு இத்தனை பங்கு, மலைக்கு இத்தனை பங்கு, நிலத்துக்கு இத்தனை பங்கு என்று பிரித்து எழுதுகிறார். மலைக்குத் தனிப் பங்கு எழுதவேண்டும் என்ற புத்தி நல்ல புத்தி. மாவட்ட அறிக்கையிலும் மலைக்கு என்று தனியாக ஒரு வரி இருந்தால் என்ன?

முன்னறிவிப்பு என்பது மேகத்தைப்பற்றிய கணக்கு. அருவிக்கரையில் நிற்பவனுக்கு வேண்டியது தண்ணீரைப்பற்றிய தகவல். இதற்குப் பெரிய கணக்கு யந்திரம் வேண்டியதில்லை. மேலே ஒரு கண்ணும் கீழே ஒரு மணியும் இருந்தால் போதும். மாஞ்சோலைக்கு மேலே ஊத்து, நாலுமுக்கு என்ற எஸ்டேட்டுகளில் மழைமானி வைத்திருப்பதனால்தான் அங்கே பெய்வது மறுநாள் நமக்குத் தெரிகிறது. குண்டாறு, அடவிநயினார் அணைகளிலும் தினம் அளக்கிறார்கள். ஆனால் அவை நேற்றைய மழையைக் காலையில் சொல்லும் கணக்குகள். அருவிகளுக்கு வேண்டியது இந்த நிமிஷத்துக் கணக்கு. தேனருவியில் விழும் தண்ணீர் செண்பகாதேவிக்கு வந்து, பிறகுதான் பேரருவிக்கு இறங்கிப் பொங்குமாங்கடலில் விழுகிறது. செண்பகாதேவியில் நீர் உயர்ந்த உடனே பேரருவியில் மணி அடித்தால், எண்ணெய் தேய்த்த தலையோடு நிற்பவர்கள் படியேறுவதற்குச் சில நிமிஷங்கள் கிடைக்கும். பழைய குற்றாலத்துக்கும் ஐந்தருவிக்கும் அவற்றின் மேலே அப்படி ஓர் இடம் பார்க்க வேண்டும்.

எந்த மணியும் அடிப்பதற்கு முன்பே எங்கள் ஊர்க்காரர்கள் பார்க்கும் அடையாளம் ஒன்று உண்டு. இதுவரை பளிங்குபோல் விழுந்த தண்ணீர் திடீரென்று செம்மண் நிறம் கொள்ளும்; சருகும் சுள்ளியும் கலந்து வரும். அப்போது கீழே வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் இருக்கலாம். அடுத்த ஆனியில் சம்பந்தி கேட்கும்போது சாரலைப்பற்றி என்ன பதில் எழுதுகிறேனோ, இந்த அடையாளத்தை அந்தப் பதிலோடு சேர்த்து எழுதுவதாக இருக்கிறேன்.