மாட்டு டாக்டர்னா அவ்ளோ இளக்காரமா சாமிகளா?

டிஸ்கி: சாப்பாட்டுத் தட்டோட உக்காந்திருக்கவங்க சாப்ட்டு முடிச்சிட்டு வாங்க. சாணி, சினை, நஞ்சுக்கொடி எல்லாம் வரும். அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

மக்களே, ஒரு டாக்டர் ஊசி போட்டு கை வீங்கிடுச்சுன்னா நம்மாளுங்க உடனே எழுதுற வரி என்ன? "மாட்டு டாக்டர் மாதிரி குத்திட்டான்யா." நோயாளிகிட்ட ரெண்டு வார்த்தை பேசாம சீட்டு எழுதிக் குடுத்தாலும் மாட்டு டாக்டர்தான். சினிமாவுல காமெடியன் ஸ்டெதஸ்கோப்பைத் தலைகீழா மாட்டிக்கிட்டு வந்தா, அடுத்த ஷாட்ல அவன் மாட்டு டாக்டர்னு தெரிஞ்சுடும். தியேட்டரே சிரிக்கும். நல்லா எழுதுற நண்பர்கள் கூட கூச்சமே இல்லாம இந்த ஜோக்கைத் திரும்பத் திரும்ப எடுத்து விடறாங்க. உத்திரமேரூர் பக்கம் மாட்டுக்கு வைத்தியம் பாக்குற நானும் இதுவரைக்கும் ஒரு ஸ்மைலி போட்டுட்டு நகர்ந்து போயிருக்கேன். இன்னிக்குப் போறதா இல்ல.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். ஜோக்குக்குப் பஞ்சம் இல்லாத தொழில்தான் இது. எங்க பதவிக்கு அரசாங்கம் வச்சிருக்கிற பேரே 'கால்நடை உதவி மருத்துவர்'. அஞ்சரை வருஷம் படிச்சு, பட்டம் வாங்கி, மருந்தகத்துல தனி ஆளா உக்காந்திருப்போம். போர்டைப் படிச்சுட்டு ஊர்ப் பெரியவர் கேப்பார், "உதவி டாக்டரு இருக்கீங்க சரி, மெயின் டாக்டரு எப்ப வருவாரு?" மாட்டுக்கு ஊசி போட்டு முடிச்சதும் சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டி, "அதுலயே கொஞ்சம் மிச்சம் இருந்தா எனக்கும் ஒண்ணு போடு சார்"னு நிக்கிறவங்க உண்டு. காதுல 12 இலக்க எண்ணோட மஞ்சத் தோடு குத்துனப்போ ஒருத்தர், "என் மாட்டுக்கு ஆதார் வந்துடுச்சு, எனக்குத்தான் இன்னும் பேர் திருத்தம் முடியல"ன்னாரு. சினை பாக்கத் தோள் வரைக்கும் கையுறை மாட்டி மாட்டுக்குள்ள கையை விட்டு நிக்கும்போதுதான் கரெக்டா செல்போன் அடிக்கும். இதுக்கெல்லாம் நானே சிரிப்பேன் :-)

ஆனா 'மாட்டு டாக்டர்'ங்கற வசவு இந்த வகை இல்ல. அதுல ஒரு கருத்து ஒளிஞ்சிருக்கு. மாட்டுக்குக் குத்துமதிப்பா எதையாவது போட்டா போதும், அதுக்குத் திறமை தேவையில்லைங்கற கருத்து. அதைத்தான் நான் பிடிச்சுக்கறேன்.

குத்துமதிப்பா போட்டா என்ன ஆகும்னு ரெண்டு விஷயம் சொல்றேன். சைலசின்னு ஒரு மயக்க மருந்து. குதிரைக்குப் போடுற அளவுல பத்துல ஒரு பங்கு இருந்தா மாட்டுக்குப் போதும். குதிரைக் கணக்கை மாட்டுக்குப் போட்டா அது எழுந்திரிக்கறது சந்தேகம். நீங்க காய்ச்சல்னா கடையில வாங்கிப் போட்டுக்கற பாராசிட்டமால் இருக்கே, அது ஒரே ஒரு மாத்திரை, ஒரு பூனையைக் கொன்னுடும். மனுஷ டாக்டருக்கு ஒரே ஒரு மிருகம்தான் பாடம், அதுவும் பேசுற மிருகம். எங்களுக்கு மாடு, ஆடு, நாய், கோழி, பன்னி, குதிரைன்னு ஒவ்வொண்ணுக்கும் தனிக் கணக்கு. எதுவும் வாயைத் திறந்து சொல்லாது. சொல்றது சொந்தக்காரர்தான். அவர் சொல்றது எப்பவும் ஒண்ணுதான்: "நேத்து வரிக்கும் நல்லாத்தான் சார் துன்னுச்சு." பக்கத்துல நிக்கிற பேரப்பையன் உண்மையைப் போட்டு உடைப்பான், "இல்ல சார், ஞாயித்துக்கெழமையிலேர்ந்தே துன்னல."

அந்த நாலு நாள்ல என்ன நடந்திருக்கும்? இஞ்சி, மிளகு, வெத்தல எல்லாம் அரைச்சு, மாட்டோட மூக்கை வானத்தைப் பாக்கத் தூக்கிப் பிடிச்சு, மூங்கில் குழாயில ஊத்தியிருப்பாங்க. கைமருந்தைக் குறை சொல்லல, ஊத்துற விதம்தான் பிரச்சினை. தலையை அவ்ளோ தூக்கினா மருந்து வயித்துக்குப் போகாம நுரையீரலுக்குள்ள இறங்கும். வயித்து நோவுக்கு வந்த மாடு நிமோனியாவுல சாகும். அப்புறம் ஊசி போட்டு வர்ற ஒருத்தரைக் கூப்பிட்டிருப்பாங்க. படிப்பு கிடிப்பு கிடையாது, பையில நாலு பாட்டில் மட்டும் இருக்கும்.

எங்க ஊருக்குப் பெருமை எதுன்னு எல்லாருக்கும் தெரியும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. வாரியத்துல உறுப்பினர் ஆகணும்னா வயசு முப்பத்தஞ்சுலேர்ந்து எழுபதுக்குள்ள இருக்கணும், சொந்த மனையில வீடு இருக்கணும், முன்னாடி பதவியில இருந்து கணக்குக் காட்டாதவன் நிக்கக்கூடாது, அவன் சொந்தக்காரனும் நிக்கக்கூடாதுன்னு ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே கல்லுல வெட்டி வச்சுட்டாங்க. ஏரியைப் பாத்துக்கறவனுக்குக் கூட தகுதி கேட்ட ஊரு. மாட்டு நரம்புல ஊசி ஏத்தறவன்கிட்ட மட்டும் இன்னிக்கு யாரும் ஒரு கேள்வி கேக்கறதில்ல. 1984-ல வந்த இந்திய கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம் பதிவு செஞ்ச மருத்துவர்தான் வைத்தியம் பாக்கணும்னு சொல்லுது. சட்டம் புஸ்தகத்துல இருக்கு, பாட்டில் பைக்குல சுத்துது.

சரி, திறமைன்னு சொன்னேனே, அது எப்படி இருக்கும்னு கேட்டா பால் காய்ச்சலைப் பாருங்க. கன்னு போட்ட ரெண்டு மூணு நாளுக்குள்ள, நல்லா கறக்குற மாடு திடீர்னு படுத்துடும். கழுத்தை வளைச்சு விலா மேல தலையைச் சாய்ச்சுக்கும். காதைத் தொட்டா சில்லுனு இருக்கும். பேருதான் காய்ச்சல், உடம்புல சூடே இருக்காது. ரத்தத்துல இருந்த கால்சியம் பாலுக்கு ஓடிப்போனதுதான் காரணம். கழுத்து நரம்புல கால்சியம் பாட்டிலை ஏத்தணும், அதுவும் மெதுவா, நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வச்சுக் கேட்டுக்கிட்டே. அவசரப்பட்டா இதயம் அங்கேயே நின்னுடும். பக்கத்துல இருக்கறவர், "வேகமா வுடுங்க சார், சொசைட்டிக்கு நேரமாவுது"ன்னு நச்சரிச்சுட்டே இருப்பார். பாதி பாட்டில் இறங்கும்போதே மாடு ஒரு ஏப்பம் விடும், சாணி போடும், முன்னங்காலை ஊன்றி எழுந்து நிக்கும். செத்துப்போச்சுன்னு அழுதுட்டிருந்த ஆயா கையெடுத்துக் கும்பிடும். எனக்கு இல்ல, மாரியம்மனுக்கு!

இப்ப சொல்லுங்க, 'மாட்டு டாக்டர்'னு சிரிக்கும்போது நீங்க யாரைப் பாத்து சிரிக்கிறீங்க? எனக்கு ஒண்ணும் ஆகாது, எப்படியோ சம்பளம் வந்துடும். அந்த ஆயாவுக்கு அந்த ஒரு மாடுதான் பேங்கு. ஏரித் தண்ணி ஏமாத்துன வருஷம் நெல்லு கைவிட்டாலும் பால் பணத்துலதான் பேரனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டுறாங்க. மாட்டுக்கு அரைகுறை வைத்தியம் போதும்னு சொல்றது, அந்த வீட்டுக்கு அரைகுறை வருமானம் போதும்னு சொல்றதுதான்.

பட்டணத்து நண்பர்களுக்கும் இதுல பங்கு இருக்கு. 2019 அக்டோபர்ல சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில திருமுல்லைவாயல்லேர்ந்து வந்த ஒரு மாட்டைத் திறந்து, அதோட வயித்துலேர்ந்து 52 கிலோ பிளாஸ்டிக் எடுத்தாங்க. அஞ்சரை மணி நேர ஆபரேஷன். ஒருதடவை மட்டும் பயன்படுத்துற பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததே அந்த வருஷம் ஜனவரி 1-ல. மீந்துபோன சாம்பார் சாதத்தை முடிச்சுப் போட்டுத் தெருமுனையில வீசறது நீங்க. 1903-ல ஆரம்பிச்ச அந்தக் காலேஜ்ல படிச்சவங்க அதை உருவி எடுக்கணும். அவங்கதான் உங்க ஜோக்குல வர்ற குத்துமதிப்பு ஆளுங்க.

நாய் கடிச்ச மாடு வாயில எச்சி ஒழுக, முழுங்க முடியாம நிக்கும். வீட்டு ஆளுங்க "தொண்டையில ஏதோ அடைச்சிருக்கு சார், கையை வுட்டு எடுங்க"ன்னு சொல்வாங்க, அதுக்கு முன்னாடி அவங்களே கையை விட்டுப் பாத்திருப்பாங்க. வெறிநோய்க்கு அறிகுறி வந்துட்டா மருந்து இல்ல, மாட்டுக்கும் இல்ல, மனுஷனுக்கும் இல்ல. அந்த வீட்டுல யார் யார் கையை விட்டாங்கன்னு கணக்கெடுத்து, சோப்பு போட்டுக் கால் மணி நேரம் கழுவ வச்சு, அன்னிக்கே ஊசி போட ஆஸ்பத்திரிக்குத் துரத்தறதும் இதே மாட்டு டாக்டர்தான். இந்த இடத்துல நாங்க பாக்கறது மனுஷ வைத்தியம்.

எங்க பக்கம் குறையே இல்லன்னு நான் சொல்லல. கூப்பிட்டா வராத டாக்டர் இருக்கார், வந்ததும் காசைப் பத்திப் பேசுறவரும் இருக்கார். ஒரு டஜன் கிராமத்துக்கு ஒரே ஆளா சுத்தறப்போ ரெண்டு வீடு விட்டுப் போறதும் உண்டு. அதை எழுதுங்க, பேர் போட்டே எழுதுங்க. அது விமர்சனம். எங்களை உரைக்க வைக்கும். 'மாட்டு டாக்டர் மாதிரி'ங்கறது சோம்பேறித்தனம்.

கடைசியா, மாடு வச்சிருக்கற சொந்தக்காரங்க இருந்தா அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. மாட்டுப் பொங்கல் அன்னிக்குக் கொம்புக்குப் பெயிண்ட் அடிச்சு, பொட்டு வச்சு, பாசத்துல அண்டா அண்டாவா பொங்கச் சோறு ஊட்டறாங்க. வைக்கோல் செரிக்கற வயிறுய்யா அது. அவ்ளோ சோறு ஒரேயடியா உள்ள போனா புளிச்சு அமிலமாகி, ராத்திரியே மாடு படுத்துடும். கும்பிட்ட மறுநாள் காலையில எங்களுக்கு வர்ற போன்ல பாதி இதுதான். ஒரு கைப்பிடி குடுங்க, போதும். தெரியாம நிறைய தின்னுடுச்சுன்னா, இடப்பக்க விலா உப்பறதுக்கு முன்னாடி, அன்னிக்கு சாயங்காலமே கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962-ல கூப்பிடுங்க. அந்த பாட்டில் பையைக் கூப்பிடாதீங்க.