குப்பைக்குத் தீ வைக்காதீங்க, சகோதரிகளே!



எங்கள் ஊர் ஒரகடம் என்று சொன்னால், "அடேயப்பா, கார் கம்பெனி ஊராச்சே! ஒரே புகையா இருக்குமே?" என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் லாரி ஓடாத நேரம் ஏது? கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியைச் சாயங்காலம் உதறினாலே புழுதி தெரியும். லாரிப் புகையையும் ஆலைப் புகையையும் அரசாங்கம்தான் அடக்க வேண்டும். நாமும் விடாமல் கேட்க வேண்டும். ஆனால் நம் கையாலேயே உண்டாக்கும் புகை ஒன்று இருக்கிறதே, அதற்கு யாரைக் கேட்பது?

குப்பை எரிக்கிறோமே, அந்தப் புகையைத்தான் சொல்கிறேன். வாசல் பெருக்கியதும் சருகோடு பால் கவர், ஷாம்பு பாக்கெட், அறுந்த ஒயர், பிய்ந்த ரெக்ஸின் பை எல்லாவற்றையும் குவித்து ஒரு தீக்குச்சி! "கொசுவும் போச்சு, குப்பையும் போச்சு" என்று நிம்மதி. குப்பை எங்கே போச்சு? புகையாக மாறி நம் மூக்குக்குள்தான் வந்தது.

ஒயர், பைப், ரெக்ஸின் போன்ற பி.வி.சி. சாமான்களில் குளோரின் இருக்கிறது. இவை புகைந்து புகைந்து எரியும்போது டயாக்ஸின் என்ற நஞ்சு உண்டாகிறது. அது புல்லிலும் மண்ணிலும் படிகிறது. மாடு அந்தப் புல்லைத் தின்கிறது. கொழுப்பில் கரையும் நஞ்சு என்பதால் பாலில் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் போகாது. நம் உடம்புக்குள் வந்துவிட்டால், பாதி குறையவே 7 முதல் 11 வருஷம் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். புற்றுநோய், ஹார்மோன் கோளாறு, நோய் எதிர்ப்புச் சக்திக் குறைவு, குழந்தை வளர்ச்சியில் பாதிப்பு எல்லாம் இதனால் வரக்கூடும்.

இது எங்கோ வெளிநாட்டுக் கதை இல்லை. சென்னையில் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு இருக்கிறதல்லவா? அதன் அருகில் வசித்த தாய்மார்களின் பாலைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளிவந்தது. தள்ளி வசித்தவர்களைவிட இவர்கள் பாலில் டயாக்ஸின் அதிகமாக இருந்ததாம். அங்கே மேய்ந்த மாடுகளின் பால் வழியாக வந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி. "அப்போ தாய்ப்பால் கொடுக்கக் கூடாதாக்கா?" என்று பதறிப் போனாள். அப்படி நினைக்கவே கூடாது! முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்தான் கொடுக்க வேண்டும். அதற்கு ஈடு எதுவும் கிடையாது. நிறுத்த வேண்டியது பாலை அல்ல, நெருப்பை.

சரி, எரிக்காமல் என்ன செய்றது?

* காய்கறித் தோல், வடித்த காப்பித்தூள், சருகு இவற்றை அடியில் ஓட்டை போட்ட பழைய வாளியில் அடுக்கடுக்காகப் போடுங்கள். இடையிடையே கொஞ்சம் மண்ணும் புளித்த மோரும். இரண்டு மூன்று மாதத்தில் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம்.

* பால் கவரைக் கழுவிக் காய வைத்துச் சேர்த்து, பழைய பேப்பர் கடையில் போடுங்கள். எண்ணெய்க் கவர், பிஸ்கட் கவரைத் தனிப் பையில் வைத்துக் குப்பை வண்டியில் கொடுங்கள்.

* நாப்கினைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுங்கள். எடுப்பவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தானே!

* கடைக்குப் போகும்போது மஞ்சப்பை, மாவு வாங்கத் தூக்கு. 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக், பிளாஸ்டிக் கப் எல்லாவற்றுக்கும் நம் மாநிலத்தில் தடை இருக்கிறது. நாம் கேட்காவிட்டால் கடைக்காரர் ஏன் கொடுக்கப் போகிறார்?

* போகியன்று டயர், பழைய பிளாஸ்டிக் பாய் எதற்கும் தீ வைக்க வேண்டாம்.

* கொசுவுக்குப் புகை போடுவதைவிடத் தேங்கின தண்ணீரைக் கொட்டுங்கள்.

குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருக்களும் உண்டு. நாலு பெண்களாகச் சேர்ந்து ஊராட்சி அலுவலகத்துக்குப் போய்க் கேளுங்கள். ஒருத்தியாகப் போனால் "பார்க்கலாம்மா" என்பார்கள். கும்பலாகப் போனால் நாற்காலி போடுவார்கள்!

அடுத்த இதழ் உங்கள் கைக்கு வர இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அதுவரை உங்கள் தெருவில் ஒரு குப்பைக்கும் தீ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்களேன்.