திடல் நடக்கும் தூரத்தில் வேண்டும்

கமுந்திங்கில் விளையாட இடமில்லை என்று சொன்னால், "பக்கத்திலேயே தைப்பிங் ஏரிப் பூங்கா இருக்கிறதே" என்பார்கள். உண்மைதான். ஈயம் எடுத்துக் கைவிடப்பட்ட நிலத்தில் 1880இல் உருவான பூங்கா அது. 64 ஹெக்டர் பரப்பு. மெதுவோட்டம் ஓட அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

ஆனால், 13 வயது மாணவன் மாலை 5 மணிக்கு அங்கே எப்படிப் போவான்? அப்பாவோ அம்மாவோ வேலை முடிந்து வந்து, மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் செல்ல வேண்டும். அதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். நாட்டில் அதிக மழை பெய்யும் ஊர்களில் தைப்பிங்கும் ஒன்றாயிற்றே! வாடகை ஃபுட்சால் மைதானத்துக்கோ மணிக்கணக்கில் காசு கட்ட வேண்டும்.

என் தாத்தா காலத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தோட்டத்து லயத்தைவிட்டு இறங்கினால் கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருந்தன. பால்மரம் வெட்டிய பெரியவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஒரே திடலில் காற்பந்து விளையாடினார்கள். ஆனால், அது தோட்ட நிர்வாகத்தின் நிலம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது திடலும் போனது. வீட்டுக்காகக் குரல் கொடுத்தோம். திடலைக் கேட்டவர்கள் குறைவு.

இன்று புதிய குடியிருப்புகளில் 10 விழுக்காட்டு நிலத்தைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்று திட்டமிடல் வழிகாட்டி கூறுகிறது. கணக்குப்படி நிலம் இருக்கலாம். அது கால்வாய் ஓரத்தில் துண்டு துண்டாகக் கிடந்தால் பந்து விளையாட முடியுமா? புல் வெட்டாத திடலில், விளக்கில்லாத இடத்தில் பெண் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள்?

இது பொழுதுபோக்கு சம்பந்தப்பட்ட விஷயம் மட்டுமல்ல. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள் எனத் தெரியவந்தது. பிள்ளைகள் கைப்பேசியிலேயே கிடக்கிறார்கள் என்று குறை சொல்லுமுன், வீட்டருகே ஓடியாட இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மத்தியதரைக் கடலோர நகரமான பார்சலோனா 1992இல் ஒலிம்பிக் நடத்தியது. பெரிய அரங்குகளுக்கு அங்கே பஞ்சமில்லை. ஆனாலும் 2016இல் அந்நகரம் போப்லெனோ பகுதியின் உள்சாலைகளில் கடந்துசெல்லும் வாகனங்களைக் கட்டுப்படுத்தி, அந்த இடத்தை நடப்பவர்களுக்கும் விளையாடும் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. அரங்கு இருந்தாலும் வாசலருகே இடம் வேண்டும் என்பதை அது உணர்ந்தது.

நாம் என்ன செய்யலாம்? 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, உள்ளூர்த் திட்ட வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபங்களைக் கேட்க வேண்டும். அடுத்த முறை அந்த வரைபடம் வைக்கப்படும்போது போய்ப் பாருங்கள். உங்கள் தாமானில் பச்சை நிறமிட்ட இடம் எங்கே, அங்கே இப்போது என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டு, நகராண்மைக் கழகத்துக்கு எழுதுங்கள். தோட்டத்துத் திடலைக் கேட்கத் தாத்தாவுக்கு வழியில்லை. நமக்கு இருக்கிறது.