மருந்தறிந்தவருக்கு வார்டில் இடம் வேண்டும்

நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து மருந்தைத் தருபவர் என்று மருத்துவத்துக்கு நான்கு கூறுகளை வகுத்துச் சொன்னார் வள்ளுவர். அரசு மருத்துவமனைகளைப் பற்றிய இன்றைய விவாதங்களில் படுக்கைகள் போதவில்லை, மருத்துவர்கள் இல்லை, மருந்துகள் தட்டுப்பாடு என்ற குரல்களே கேட்கின்றன. நான்காவது கூற்றைப் பற்றிக் கவலைப்படுவோர் அரிது. மருந்தை முழுமையாகக் கற்றறிந்த மருந்தாளுநர், கவுன்ட்டர் கம்பிக்குப் பின்னால் மாத்திரைகளை எண்ணிக் கொடுப்பவராகவே இன்னமும் கருதப்படுகிறார்.

திருப்பதியில் உள்ள ஸ்ரீ வெங்கடேஸ்வரா ராம்நாராயண் ரூயா அரசுப் பொது மருத்துவமனை, ராயலசீமையின் ஏழை மக்கள் நம்பி வரும் பெரிய மருத்துவமனைகளில் ஒன்று. 1960-இல் தொடங்கப்பட்ட ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவக் கல்லூரியுடன் இணைந்தது. 2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமானது. ஆனாலும் இரு மாவட்ட மக்களுக்கும் ரூயா மருத்துவமனைதான் புகலிடம். இதன் வார்டுகளில் பயிற்சி மருத்துவர்களுடன், அப்பகுதி மருந்தியல் கல்லூரிகளைச் சேர்ந்த பார்ம்.டி. மாணவர்களும் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் யார், எதற்காக வருகிறார்கள் என்பது நோயாளிகள் பலருக்குத் தெரியாது.

இந்திய மருந்தியல் கவுன்சில் 2008-இல் அறிமுகப்படுத்திய பார்ம்.டி. ஆறு ஆண்டுப் படிப்பாகும். ஐந்து ஆண்டுகள் பாடம். ஆறாவது ஆண்டு முழுவதும் மருத்துவமனையில் பயிற்சி. அதில் ஆறு மாதங்கள் பொது மருத்துவத்திலும், எஞ்சிய ஆறு மாதங்கள் வேறு மூன்று சிறப்புத் துறைகளில் தலா இரண்டு மாதங்களாகவும் கழிய வேண்டும். பயிற்சியளிக்கும் மருத்துவமனையில் குறைந்தது 300 படுக்கைகள் இருக்க வேண்டும் என்பதும் விதி. பெரிய அரசு மருத்துவமனைகளைத் தேடி இம்மாணவர்கள் வருவதற்கு இதுவே காரணம்.

இவர்கள் கற்கும் வேலை சாதாரணமானதல்ல. நோயாளி ஏற்கெனவே உட்கொண்டுவரும் மருந்துகளைக் கேட்டறிந்து பதிவு செய்வது, சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மருந்தின் அளவு குறைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது, இரண்டு மருந்துகள் ஒன்றோடொன்று மோதுமா என்று ஆராய்ந்து மருத்துவரிடம் சுட்டிக்காட்டுவது, பக்கவிளைவு நேர்ந்தால் 2010-இல் தொடங்கப்பட்ட தேசிய மருந்துப் பாதுகாப்புக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிப்பது என அது விரிகிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான புறநோயாளிகளைப் பார்க்கும் மருத்துவரால் இவையனைத்தையும் தனியொருவராகச் செய்ய இயலாது என்பதில் இரு வேறு கருத்து இருக்க முடியாது.

மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு 4,200 கோடி டாலர் என்று மதிப்பிட்ட உலக சுகாதார நிறுவனம், 2017-இல் இதற்கென்றே தனி இயக்கத்தைத் தொடங்கியது. பிழை என்பது மருத்துவர் எழுதும் சீட்டில் மட்டும் நேர்வதல்ல. வீடு திரும்பிய நோயாளி இன்சுலினைத் தவறான அளவில் போட்டுக்கொள்வதும், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை முறையாக உறிஞ்சத் தெரியாமல் வீணாக்குவதும், காசநோய் மருந்தைப் பாதியில் நிறுத்துவதும் பிழைகளே.

சித்தூர் பகுதியில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. திருத்தணி 1960-இல் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, எல்லைக்கு அப்பால் தங்கிவிட்ட தமிழர்கள் ஏராளம். நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதிகளில் இன்றும் தமிழ் பேசுவோர் வாழ்கின்றனர். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மருந்துச் சீட்டும், தெலுங்கில் அவசரமாகச் சொல்லப்படும் அறிவுரையும் ஒரு தமிழ் மூதாட்டிக்கு எந்த அளவு விளங்கும்? படுக்கையருகே அமர்ந்து, அவருடைய மொழியில், எந்த மாத்திரை உணவுக்கு முன், எது பின் என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவராக ஆவதற்கே பயிற்சி மருந்தாளுநர் வார்டுக்கு வருகிறார்.

2021 மே 10-ஆம் தேதி இரவை ரூயா மருத்துவமனை மறந்திருக்க முடியாது. கரோனா இரண்டாவது அலையின் உச்சத்தில், ஆக்சிஜன் விநியோகத்தில் ஏற்பட்ட தடையால் 11 நோயாளிகள் உயிரிழந்ததாக அரசு அறிவித்தது. மருத்துவ ஆக்சிஜனும் ஒரு மருந்தே. பயிற்சி மருந்தாளுநர்கள் அந்தத் துயரத்தைத் தடுத்திருப்பார்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆனால், இருப்பு எவ்வளவு, எத்தனை மணி நேரம் தாங்கும், அடுத்த வரத்து எப்போது என்ற மருந்து மேலாண்மை எழுத்தர் வேலையல்ல, உயிர் காக்கும் வேலை என்பதை நாடு அன்று உணர்ந்திருக்க வேண்டும்.

வேதனை என்னவெனில், ஓராண்டு வார்டில் பழகிய இந்த இளைஞர்களுக்குப் பயிற்சி முடிந்த மறுநாள் அதே வார்டில் இடமில்லை. பெரும்பாலான அரசு மருத்துவமனைகளில் மருத்துவச் சேவைசார் மருந்தாளுநர் என்ற பணியிடமே இல்லை. இருப்பவை மருந்து வழங்கும் பணியிடங்கள். அவற்றுக்குப் பட்டயப் படிப்பே போதும். பயிற்சி மருத்துவர்களுக்கு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ஆம் ஆண்டு விதிமுறைகள் கூறுகின்றன. அதே வார்டில் நிற்கும் பயிற்சி மருந்தாளுநர்களில் பலருக்கோ உதவித்தொகை கிடையாது. அந்த ஆண்டுக்கும் கல்லூரிக் கட்டணம் செலுத்துவோர் உண்டு. ஆறு ஆண்டுகள் படித்துவிட்டு வெளிநாட்டுக்கோ, மருந்து நிறுவனங்களின் தரவுப் பணிகளுக்கோ அவர்கள் சென்றால் அவர்களைக் குறை கூறிப் பயனில்லை.

பாடத்திட்டத்தை வகுப்பது தில்லி. மருத்துவமனைகளை நடத்துவதும் பணியிடங்களை உருவாக்குவதும் மாநில அரசுகள். இந்த இடைவெளியில்தான் பார்ம்.டி. படிப்பு சிக்கிக்கொண்டிருக்கிறது. 1948-ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்துக்கு மாற்றாக, தேசிய மருந்தியல் ஆணையத்துக்கான வரைவு மசோதாவை மத்திய சுகாதார அமைச்சகம் 2023 நவம்பரில் வெளியிட்டது. கவுன்சில் இருந்தாலும் ஆணையம் வந்தாலும், கல்லூரிகளுக்கு அனுமதி வழங்குவதோடு கடமை முடிந்துவிடாது.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் துறைக்கு ஒரு மருந்தாளுநர் பணியிடத்தையேனும் மாநில அரசுகள் உருவாக்க வேண்டும். பயிற்சி மாணவர்களை வழிநடத்த அனுபவம் மிக்க ஆசிரியர் வார்டிலேயே இருப்பதை உறுதி செய்ய வேண்டும். உதவித்தொகை விதியாக்கப்பட வேண்டும். இது முடியாத காரியமல்ல. உதகை அரசுத் தலைமை மருத்துவமனையில் 1990-களின் பிற்பகுதியிலேயே மருந்தியல் கல்லூரியுடன் இணைந்து இத்தகைய சேவை தொடங்கப்பட்டது. சிறிய மலை நகரத்தால் முடிந்தது, பெரிய நகரங்களால் முடியாதா?

தனியார் மருத்துவமனைக்குச் செல்ல வசதியுள்ளவர், சந்தேகம் வந்தால் இன்னொரு மருத்துவரைக் கேட்டுக்கொள்வார். அரசு மருத்துவமனையின் தரையில் பாய் விரித்துக் காத்திருப்பவருக்குக் கையில் கொடுக்கப்பட்ட மாத்திரைதான் இறுதித் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைச் சரிபார்க்க ஒருவரைப் பயிற்றுவித்துவிட்டு, அவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பது விரயம் மட்டுமல்ல, ஏழை நோயாளிக்கு இழைக்கும் அநீதியும்கூட.